மத்தியானத் தண்ணீர்

அக்கா,

நேற்று என் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே பத்துப் பன்னிரண்டு மீன்கள், நிறையப் பாசிச் செடி. அவன் தண்ணீரைச் சோதிக்கிற ஒரு காகிதப் பட்டையை அதில் முக்கி எடுத்து, டப்பாவின் மேல் ஒட்டியிருந்த வண்ணக் கட்டங்களுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ கெமிஸ்ட்ரி படிச்சவதானே, இது எந்தக் கலரோட சேருது பாரு" என்று கூப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். பட்டையின் நுனி ரோஸ் நிறத்தில் இருந்தது.

"இது எத்தனை மணிக்கு எடுத்த தண்ணி?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு மணி இன்னாம்மா மணி?" என்று சிரித்தான்.

தண்ணிக்கு மணி உண்டு அக்கா. உங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுத்தான் நான் அதைக் கற்றுக்கொண்டேன். நீங்கள் போன பிறகும் நேற்று வரைக்கும் யாரிடமும் இதைப் பேசியதில்லை. நீங்கள் இருந்தபோதும் பேசவில்லை, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல் உள்ளே, அந்த வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாக வந்தேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பட்டம் வாங்கின மருமகள் என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது, பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் என் கெமிஸ்ட்ரி ரசத்துக்குப் புளி கரைக்கத்தான் ஆனது. நீங்கள் மூத்த மருமகள். மாகறலில் பிறந்தவர், எட்டாவதோடு நின்றவர். ஆனால் மாமாவுக்கு நீங்கள் மூத்த மகனின் பெண்டாட்டி மட்டுமில்லை, கூடப்பிறந்த தங்கையின் மகளும்கூட. நீங்கள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் தோளில் உட்கார்ந்து செய்யாற்றுத் திருவிழா பார்த்த கதையை அத்தை சலித்துக்கொண்டே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மாமா கழனியிலிருந்து வந்தால் நடையிலேயே நிற்பார். "எம்மா பெரியவளே" என்பார். நீங்கள் பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு வருவீர்கள். அண்ணாந்து முழுசும் குடித்துவிட்டுத்தான் அவர் உள்ளே வருவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் நீங்கள் கொல்லையில் இருந்தீர்கள் என்று நான் சொம்பை எடுத்துப் போனேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் வருகிறவரைக்கும் துண்டால் விசிறிக்கொண்டு நின்றார். அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எரிந்தது.

மீன் தொட்டி வந்தது மாமாவின் ரத்தக் கொதிப்பால்தான். மெட்ராஸில் டாக்டரைப் பார்க்கப் போனவர் அங்கே ஒரு தொட்டியைப் பார்த்துவிட்டார். "ரெண்டு மணி நேரம் அதையே பாத்துக்கினு இருந்தேன், தலை கனம் எறங்கிப் பூட்ச்சு" என்றார். அடுத்த மாதம் மூர் மார்க்கெட்டில் ஆறு தங்கமீன் வாங்கி, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டில் நெல் மூட்டை வைக்கத்தான் இடம் இல்லை, மீனுக்கு இடம் கிடைத்தது. மேற்குப் பார்த்த ஜன்னலோரம். சாயங்கால வெயில் பட்டால் மீன்கள் தகதகவென்று மின்னும், அது அவருக்கு வேண்டும்.

உங்களுக்குப் பிடிக்கவில்லை. "ஓடுற தண்ணியில கீற ஜீவனை இப்பிடி அடைச்சு வெச்சா பாவம் மாமா" என்றீர்கள். சொன்னீர்களே தவிர, அதைப் பார்த்துக்கொண்டதெல்லாம் நீங்கள்தான். கண்ணாடி துடைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம். மாமா போகும்போதும் வரும்போதும் ஒரு பிடி பொரி போடுவார். காற்று விடுகிற சின்ன மோட்டார் ஒன்று புஸ்புஸ் என்று ஓடும். அத்தை படுக்கப் போகும்போது அதைப் பிடுங்கிவிடுவார். "கொசு மாதிரி காதாண்ட பேஜாரு பண்ணுது." எத்தனை மாற்றினாலும் ஒரு மாதத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. குளம் மாதிரி இருக்கிறது என்று மாமாவுக்கு அதுவும் பெருமை.

ஒருநாள் காலையில் கோலப்பொடிக் கையோடு என்னிடம் வந்தீர்கள். நான் அப்போதுதான் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"தா சின்னவளே, நீ படிச்சவ, ஒண்ணு கேக்கறேன். விடியக்காலம் எழுந்து பாத்தா மீனுங்கோ எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்கோ. வெயிலு வந்தா சரியாப் பூடுது. இன்னாவா இருக்கும்?"

"பசியா இருக்கும்க்கா."

"பசி இல்ல. எங்கூர்ல கோடையில செய்யாத்து மடுவு பச்சையாச்சின்னா இப்பிடித்தான். காத்து பத்தாத அலையுதுங்கோ."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "அப்படியெல்லாம் வாயால சொல்லக்கூடாதுக்கா. டெஸ்ட் பண்ணிப் பாத்துதான் சொல்லணும்" என்றேன். நீங்கள் "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனீர்கள்.

அந்த வாரத்திலேயே மூன்று மீன் செத்தது. தினம் காலையில் ஒன்று மல்லாந்து மிதக்கும். மூன்றாம் நாள் மாமா நாஷ்டா வேண்டாம் என்று எழுந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் பாதியில் கை கழுவினார். அத்தைக்குத் தாங்கவில்லை. "பெரியவதான் சலவைச் சோடா போட்டு கண்ணாடி தேய்க்கிறா. நான் என் கண்ணால பாத்தேன்" என்றார்.

"வாங்கியாந்த அன்னிக்கி, தொட்டி காலியா இருக்கசொல்ல, ஒரே ஒரு தபா போட்டேன் அத்தை. நாலு தண்ணி ஊத்தி அலசினேன். அதுக்கப்புறம் போடல" என்றீர்கள் நீங்கள்.

அங்கேயே அது முடிந்திருக்கும் அக்கா. அத்தை ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். நான்தான் வாயைத் திறந்தேன். "நான் வேணா டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டுமா மாமா?"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக.

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. கல்லூரியில் கடைசி நாளன்று ஆய்வகத்திலிருந்து முந்தானையில் முடிந்து எடுத்து வந்தது. திருடியது என்று சொன்னால்தான் சரி. பினாப்தலீன். சோடா, சோப்பு, சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் ரோஸ் ஆகும், இல்லையென்றால் நிறமே இருக்காது. இதை நான் கூடத்தின் நடுவில் நின்று வாத்தியாரம்மா மாதிரி விளக்கினேன். இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர். மணி மூன்று, மூன்றரை இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

கிணற்றுத் தண்ணீர் அப்படியே இருந்தது. தொட்டித் தண்ணீர் ரோஸ் ஆனது.

"சோடாதான்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அத்தை கையைத் தட்டினார். நீங்கள் டம்ளரைப் பார்த்தீர்கள், பிறகு மாமாவைப் பார்த்தீர்கள். "நான் போடல மாமா."

"அப்போ சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு" என்றார் அத்தை.

நீங்களே போய் சாமி மாடத்திலிருந்து சூடம் எடுத்து வந்தீர்கள். தரையில் வைத்து நீங்களே ஏற்றினீர்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சூடத்தை லேசாக ஒரு தட்டு தட்டி அணைப்பார்கள், சூடு படாது. நீங்கள் உள்ளங்கையை அழுத்தி வைத்து, அணைந்த பிறகும் எடுக்கவில்லை. "நான் போடல" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் எடுத்தீர்கள். சூட வாசனையோடு தோல் கருகின வாசனையும் வந்தது.

மாமாவின் முகம் இளகிவிட்டது. அவர் உங்களிடம் பேசவில்லை, என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொல்ற? அவ சத்தியம் பண்ணிட்டாளே."

அந்த இடத்தில் எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. தெரியவில்லை மாமா, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் படிப்பு சூடத்திடம் தோற்றுவிடும் என்று இருந்தது எனக்கு. "சத்தியம் மனுஷங்க சொல்றது மாமா. இது தண்ணியே சொல்றது. தண்ணி பொய் சொல்லாது" என்றேன்.

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இனிமே எனக்குத் தண்ணி சின்னவ கொண்டாரட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான். ஒரு அதட்டல் இல்லை, ஒரு திட்டு இல்லை. திட்டியிருந்தால் நீங்கள் அழுதாவது தீர்த்திருப்பீர்கள்.

மறுநாள் சொம்பை நான் கொண்டுபோனேன். வாங்கினார், அண்ணாந்து குடித்தார். நீங்கள் அடுக்களையில் ஒரு கையால் முறத்தைப் பிடித்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். இன்னொரு கையில் மஞ்சள் பத்து போட்டிருந்தது. நான் தலை நிமிர்ந்து நடந்தேன். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

அதற்கப்புறம் நீங்கள் தொட்டிப் பக்கமே போகவில்லை. இரண்டு வாரம் இருக்கும். எனக்கு வயிற்றில் இவன் தங்கியிருந்த நேரம். குமட்டல் தாங்காமல் விடியலில் எழுந்தேன். கூடத்துக்கு வந்தால் மிச்சமிருந்த மூன்று மீனும் தண்ணீருக்கு மேல் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நீங்கள் சொன்ன மாதிரியே. எதற்காகவோ ஒரு டம்ளர் மொண்டு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நிறமே இல்லை.

பாட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி விட்டேன். ரோஸ். நடுவில் அந்தத் தொட்டியை யாரும் தொடவில்லை, நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் பார்த்தேன். காலையில் இல்லை, மத்தியானம் ரோஸ்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வெயில் பட்டால் பாசி தண்ணீரில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். அந்த வாயுதான் தண்ணீரைக் கொஞ்சம் புளிப்புப் பக்கம் வைத்திருப்பது. அது போனால் தண்ணீர் காரம் ஏறி ரோஸ் காட்டும். இருட்டினால் பாசி அந்த வாயுவைத் திருப்பி விட்டுவிட்டு, மீன் மூச்சு விடுகிற காற்றை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியலில் மீன் தவிக்கும், சாகும். இரண்டாம் வருஷப் பாடம். நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். எந்தப் பச்சைத் தண்ணீரை வெயிலில் எடுத்துப் பார்த்தாலும் அது ரோஸ்தான். சோடாவும் இல்லை, நீங்களும் இல்லை. மாமா போட்ட பொரி அழுகிப் பாசி வளர்ந்தது, அத்தை மோட்டாரைப் பிடுங்கினார், அவ்வளவுதான் விஷயம். டெஸ்ட் சரி, தண்ணீரும் பொய் சொல்லவில்லை. அதற்கு அர்த்தம் சொன்னவள்தான் தப்பாகச் சொன்னேன். டெஸ்ட் எதுவும் இல்லாமல், கோலப்பொடிக் கையோடு, நீங்கள் சரியாகச் சொன்னீர்கள்.

மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்தது நிஜம். நடைக்குப் போவதற்குள் அவரே வந்துவிட்டார். "எம்மா சின்னவளே" என்றார். முதல் தடவையாக அந்தக் குரலில், உங்களைக் கூப்பிடுகிற அதே குரலில். நான் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்து முடித்தார். நான் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

தன் மீனைத் தானே கொன்றோம் என்று தெரிந்தால் மாமா மனசு உடைந்துவிடும், ரத்தக் கொதிப்பு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு அக்கா. அந்தச் சொம்பை விட எனக்கு மனசு வரவில்லை.

மிச்ச மீன்களும் செத்தன. "அவ வெச்சது இன்னும் தண்ணியில நிக்குது" என்றார் அத்தை. நான் மோர் கடைந்துகொண்டிருந்தேன், மத்தை நிறுத்தவில்லை. தொட்டியைக் காலி செய்து அதில் வெங்காயம் கொட்டிவைத்தோம்.

உங்கள் உள்ளங்கைத் தழும்பு எட்டணா அளவுக்கு வெளுத்து நின்றுவிட்டது. எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அது இலைக்கு மேல் வந்து போகும். நீங்கள் என்னிடம் ஒருநாள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் பிரசவத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு கூட வந்தது நீங்கள். இவனுக்கு மாந்தம் வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது நீங்கள். ஆனால் குடிதண்ணீர்ப் பானையைத் தொடுவதற்கு முன்னால் கையை இரண்டு தடவை கழுவி, விரலை மூக்குக்கிட்டே வைத்து மோந்து பார்ப்பீர்கள். முன்னால் அந்தப் பழக்கம் உங்களுக்குக் கிடையாது. நான் பார்த்தும் பாராத மாதிரி இருந்தேன்.

மாமா போன அன்று காலையில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு பாலாடை பால் ஊற்றினார்கள். உங்கள் முறை வந்தபோது நீங்கள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர்கூட, "வா, உன் மாமாதானே, ஒரு வாய் ஊத்து" என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "என் கை வேணாம். சின்னவ ஊத்தட்டும்."

நான் ஊற்றினேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் பங்கையும் சேர்த்து நானே ஊற்றினேன்.

கடைசியாக உங்களைப் பார்த்தது வாலாஜாபாத்தில், உங்கள் மகன் வீட்டில். வீடு பாகம் பிரிந்து, அத்தையும் போய், நாம் ஆளுக்கொரு ஊராகிப் பல வருஷம் ஆகியிருந்தது. நீங்கள் கட்டிலில் சின்னதாகிப்போய்க் கிடந்தீர்கள். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மருமகள் கடைக்குப் போகட்டும் என்று காத்திருந்து, அவள் போனதும் பேசினீர்கள்.

"சின்னவளே, ஒண்ணு மனசுலயே அறுத்துக்கினு கீது. உன்னாண்டதான் சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

"அன்னிக்கி சூடம் அணைச்சனே, அது பொய் சத்தியமோன்னு கீது எனக்கு. நான் வோணும்னு போடல. ஆனா தினம் துணி தொவைச்சுட்டு வந்து அந்தத் தொட்டியில கை வெச்சனே. கையில இன்னா ஒட்டிக்கினு இருந்துதோ. நீ படிச்சவ, பொய்யா சொல்லப்போற? தண்ணியே காட்டிக் குடுத்துச்சே. மாமா மீனை நான்தான் கொன்னேன். கொன்னுட்டு சாமி மேல சத்தியமும் பண்ணிட்டேன். அந்தக் கையால எப்படிப் பால் ஊத்துறது சொல்லு."

அக்கா, அந்தக் கட்டில் ஓரத்தில் எனக்குக் கிடைத்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் உலகத்தில் எந்தப் பாவிக்கும் கிடைத்திருக்காது. மாமா இல்லை, அத்தை இல்லை, சொம்பும் இல்லை. எனக்கு நஷ்டம் என்று ஒன்றுமே மிச்சம் இல்லை. ஒரு வரி போதும். அது நீங்கள் இல்லக்கா, மத்தியான வெயில். வாயைத் திறந்தேன். முப்பது வருஷமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்களே, அந்தப் பார்வையை நினைத்தேன்.

"விடுங்கக்கா" என்றேன். "தெரியாம நடந்ததுதானே. மாமா எப்பவோ மன்னிச்சிருப்பாரு."

"நீ மன்னிச்சியா?"

"மன்னிச்சேன்க்கா."

நீங்கள் என் இரண்டு கையையும் சாத்துக்குடிச் சாறோடு சேர்த்துப் பிடித்து உங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். "நல்ல மனசுடி உனக்கு" என்றீர்கள். எட்டாம் நாள் தகவல் வந்தது.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கேட்டுவிட்டு, "விடும்மா, தெரியாம நடந்ததுதானே" என்றான். நான் உங்களிடம் சொன்ன அதே வார்த்தை. தெரியாமல் நடந்தது அந்த ஒரு மத்தியானம்தான்டா, மிச்சமெல்லாம் தெரிந்தே செய்தது என்று சொன்னேன். அவன் எழுந்து கை கழுவினான்.

இன்று விடியலில் எழுந்து அவன் தொட்டித் தண்ணீரில் பட்டையை முக்கிப் பார்த்தேன். வெறும் மஞ்சள். ஒரு தாளில் மணியையும் நிறத்தையும் எழுதி, தொட்டி மேல் ஒட்டிவைத்தேன். மோட்டார் இரவெல்லாம் ஓட வேண்டும் என்றும் எழுதினேன். மீன்கள் கீழே சுகமாகத் திரிந்துகொண்டிருந்தன. நீங்கள் இருந்தால் கண்ணாடிக்கிட்டே குனிந்து பார்த்திருப்பீர்கள்.

உங்கள் உள்ளங்கையை எடுத்து நான் என் கண்ணில் ஒற்றியிருக்க வேண்டும் அக்கா. நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். நானும் கொடுத்தேன்.

சின்னவள்